பங்களிப்பை வேலை நடக்கும்போதே எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் விடுபட்டது, தகுதியில்லாத யார் பெயர் உள்ளே நுழைந்தது என்ற சச்சரவு கிளம்பும்போதெல்லாம் அது நேர்மை சம்பந்தப்பட்ட வழக்காகவே பேசப்படுகிறது. நேர்மைக் குறைவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இத்தகைய வழக்குகளைப் பிரித்துப் பார்த்தால், பல சமயம் இரு தரப்பும் தாங்கள் உண்மையென நம்புவதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்; நடந்தது இன்னதென்று காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது. பத்துப் பேர் மூன்று நான்கு ஆண்டுகள் செய்த வேலையை, கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் கடைசி இரவில் ஒருவர் நினைவிலிருந்து இட்டு நிரப்புகிறார். விடுபடுவதும் மிகைப்படுவதும் பெரும்பாலும் அந்த இரவில்தான். ஆகவே வேலை நடக்கிற காலத்திலேயே பங்களிப்பை எழுதி வைப்பது எப்படி, எங்கே எங்கே சறுக்கும் என்பதை விளக்கவே இக்கடிதம்.

பெயர் மட்டும் இருந்தால் போதாது, செய்த பணியும் எழுதப்பட வேண்டும் என்பதற்கு அறிவியல் வரலாற்றில் சான்றுகள் உண்டு. 1955-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலிருந்து பெர்மி, பாஸ்தா, உலாம் மூவர் பெயரில் வெளிவந்த அறிக்கை, கணினியிலேயே இயற்பியல் சோதனை நடத்தும் முறைக்கு முன்னோடி. அந்த அறிக்கைக்கான கணக்கை மேனியாக் கணினிக்கேற்ற நிரலாக எழுதி ஓட்டியதில் பங்கு கொண்டவர் மேரி சிங்கூ. அறிக்கையில் அவருக்குக் கிடைத்தது நன்றி கூறும் ஓர் அடிக்குறிப்பு. மூவர் பெயரால் வழங்கும் அந்தக் கணக்கின் பெயரில் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று ஓர் இயற்பியலாளர் 2008-ல் எழுதிய பிறகே பலருக்கும் விஷயம் தெரிந்தது. மக்கள்தொகை மரபியலில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் வாட்டர்சனின் 1975-ம் ஆண்டுக் கட்டுரையிலும் இதே நிலைதான்: எண்கணக்குகளில் உதவி, அட்டவணையொன்றைக் கணித்துத் தந்த மார்கரெட் வூவின் பெயர் நன்றியுரையோடு நின்றுவிட்டது.

பெயர் பட்டியலில் இருந்தும் பணி தெரியாமல் போவது இதன் மறுபக்கம். துடிவிண்மீன்களை (பல்சர்களை) அறிவித்த 1968-ம் ஆண்டுக் கட்டுரையில் ஐந்து பெயர்கள். அவற்றில் இரண்டாவது ஜோசலின் பெல். தொலைநோக்கியின் வரைபடச் சுருளில் அந்தக் குறியை 1967-ல் முதலில் கவனித்து விடாமல் பின்தொடர்ந்தவர் அவர். பெயர் வரிசையை மட்டும் படிப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. 1974-ல் நோபல் பரிசு அவருடைய மேற்பார்வையாளர் ஹியூவிஷுக்கும் வானொலி வானியலாளர் ரைலுக்கும் போனது. பரிசுக் குழு அப்படி முடிவெடுத்தது சரியா என்பது தனி விவாதம். ஒரு பெயர் வரிசையால் எவ்வளவு குறைவாகச் சொல்ல முடிகிறது என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

வரிசைக்கென்று பொதுவான இலக்கணமும் கிடையாது. உயிரியலில் முதல் பெயர் சோதனைகளைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் குழுத் தலைவருடையது என்று எடுத்துக்கொள்வார்கள். கணிதத்திலும் துகள் இயற்பியலிலும் அகர வரிசை. ஹிக்ஸ் துகளின் நிறையைக் கணக்கிட்டு செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் 2015-ல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 பெயர்கள். 33 பக்கங்களில் 24 பக்கங்கள் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போயின. அந்தப் பட்டியலிலிருந்து ஒருவருடைய பணியைச் சொல்ல யாராலும் இயலாது.

இதற்கு மாற்றாக, திரைப்படத்தின் இறுதியில் வருவதுபோலப் பெயருக்கு எதிரே பணியை எழுத வேண்டும் என்ற யோசனையை 1997-ல் டிரம்மண்ட் ரென்னியும் உடன் இருவரும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் முன்வைத்தார்கள். 2012-ல் ஹார்வர்டில் நடந்த கூட்டம் ஒன்றில் பணிகளுக்குப் பொதுவான பெயர்கள் வேண்டும் என்ற பேச்சு தொடங்கி, 2014-ல் பதினான்கு பணிகள் கொண்ட 'கிரெடிட்' வகைப்பாடு உருவானது. 2022-ல் அமெரிக்கத் தேசியத் தர அமைப்பின் வழியே அது முறையான தரநிலையும் ஆயிற்று. அந்தப் பதினான்கு இவை: கருத்துருவாக்கம், முறையியல், மென்பொருள், சரிபார்ப்பு, பகுப்பாய்வு, ஆய்வு மேற்கொள்ளல், வளங்கள் வழங்கல், தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு எழுதுதல், மீள்பார்த்துத் திருத்துதல், காட்சிப்படுத்தல், மேற்பார்வை, திட்ட நிர்வாகம், நிதி பெறுதல்.

பட்டியல் எளிது, நிரப்பும்போதுதான் குழப்பம். சோதனையைச் செய்தவரும் களத்தில் போய் அளந்தவரும் 'ஆய்வு மேற்கொள்ளல்' என்ற பணிக்கு உரியவர்கள். அளந்து வந்ததைத் தூய்மை செய்து, அட்டவணையின் ஒவ்வொரு பத்தியும் (நெடுவரிசையும்) என்னவென்று குறிப்பெழுதி, பிறகு வருபவரும் பயன்படுத்தும்படி வைத்தவர் செய்தது 'தரவுப் பராமரிப்பு'. இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் இரண்டாமவர் காணாமல் போய்விடுவார், பெரும்பாலும் போகிறார். 'எதைக் கண்டறிய வேண்டும்' என்று வகுத்தது கருத்துருவாக்கம். 'அதை எப்படிக் கண்டறிவது' என்று வடிவமைத்தது முறையியல். 'சரிபார்ப்பு' என்றால் அச்சுப் பிழை பார்ப்பதல்ல. முடிவு மறுபடியும் அப்படியே வருகிறதா என்று சோதனையையோ கணக்கையோ திரும்பச் செய்து பார்ப்பது. மாதிரிகள், வேதிப்பொருள்கள், கருவிகள், கணினி நேரம் தந்தவர் 'வளங்கள்' என்ற தலைப்பில் வருவார். சரிபார்ப்பையும் வளங்களையும் பொருள் தெரியாமலே டிக் அடிப்பவர்கள் ஏராளம்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். யார் கட்டுரையாசிரியர் ஆகலாம் என்று கிரெடிட் தீர்மானிப்பதில்லை. யார் என்ன செய்தார் என்று விவரிப்பதோடு அது நின்றுவிடுகிறது. தகுதியைச் சொல்வது வேறு விதிகள். மருத்துவத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படுவது மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவின் விதி. 2013 முதல் அதில் நான்கு நிபந்தனைகள்: ஆய்வின் கருத்திலோ வடிவமைப்பிலோ, தரவு திரட்டுவதிலோ, பகுத்துப் பொருள் காண்பதிலோ கணிசமான பங்கு, வரைவை எழுதியது அல்லது கருத்துச் செறிவோடு திருத்தியது, வெளியாகும் வடிவத்துக்கு இறுதி ஒப்புதல், வேலையின் எல்லாப் பகுதிகளுக்கும் பொறுப்பேற்கச் சம்மதம். நான்கும் வேண்டும். நிதி வாங்கித் தந்தது மட்டுமோ, குழுவைப் பொதுவாக மேற்பார்த்தது மட்டுமோ போதாது என்று அதே விதி வெளிப்படையாகச் சொல்கிறது. கிரெடிட்டில் நிதி பெறுதல் ஒரு பணி. இங்கே அது தனித்து நின்றால் தகுதி இல்லை. முரண்பாடுபோல் தெரிந்தாலும் முரண் இல்லை. நிதி பெற்றவரின் பணியை நன்றியுரையில் அதே பெயரில் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

இந்த நான்கு நிபந்தனைகளில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆய்வகத் தொழில்நுட்பர் இரண்டு ஆண்டுகள் தரவு திரட்டியிருப்பார். வரைவை அவருக்கு யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். பிறகு, 'வரைவில் பங்கேற்கவில்லை, ஆகவே கட்டுரையாசிரியர் இல்லை' என்பார்கள். இது விதியின் நோக்கத்துக்கே எதிரானது: முதல் நிபந்தனையை நிறைவு செய்த எவருக்கும் வரைவிலும் ஒப்புதலிலும் பங்கேற்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அந்தக் குழுவே எழுதி வைத்திருக்கிறது. நடைமுறையில் செய்ய வேண்டியது இது: பங்களிப்புப் பதிவேட்டில் முதல் நிபந்தனைக்கு உரியவர்கள் யார் யார் என்று குறித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் வரைவை அனுப்பி, படிக்கக் குறைந்தது இரண்டு வாரம் கொடுங்கள். அனுப்பிய நாளையும் பதில் வந்த நாளையும் பதிவேட்டிலேயே எழுதுங்கள். விருப்பமில்லை என்று அவர் மறுத்தால் அதுவும் எழுத்தில் இருக்கட்டும்.

இனி, பதிவேடு. தனி மென்பொருள் தேவையில்லை. எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு விரிதாள் போதும். ஒரு நபருக்கு ஒரு வரி என்று வைத்தால் விரைவில் சிக்கலாகிவிடும். ஒரு நபரின் ஒரு பணிக்கு ஒரு வரி என்று வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் எட்டுப் பத்திகள்: அச்சில் வர வேண்டிய வடிவத்தில் பெயர், ஆர்க்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்), வேலை செய்த காலத்தில் இருந்த நிறுவனம், பணியின் பெயர், பங்கின் அளவு, என்ன செய்தார் என்று ஒரே வாக்கியம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, சான்று எங்கே இருக்கிறது. கடைசிப் பத்தியே இதயம். ஆய்வுக் குறிப்பேட்டின் பக்க எண், கோப்பின் பெயர், நிரல் மாற்றத்தின் அடையாள எண், கருவியின் பயன்பாட்டுப் பதிவு என எதுவானாலும் சரி. சான்று காட்ட முடியாத வரி இருக்கலாம். ஒரு யோசனை வாய்ப்பேச்சில்தான் பிறக்கும். அப்படியானால் எந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில் என்று எழுதுங்கள்.

ஆர்க்கிட் எண்ணை முதல் நாளே வாங்கிவிடுவது நல்லது. 2012 முதல் இலவசமாகக் கிடைக்கும் இந்தப் பதினாறு இலக்க அடையாளம், ஒரே பெயருள்ள இருவரைப் பிரிக்கவும் ஒருவரின் பல எழுத்துக்கூட்டல்களை இணைக்கவும் உதவுகிறது. தலைப்பெழுத்து முன்னால் வந்தால் ஒருவர், பின்னால் வந்தால் இன்னொருவர், விரித்து எழுதினால் மூன்றாமவர் என்று தரவுத்தளங்கள் ஒரே ஆளை மூன்றாகப் பதிந்து வைப்பது சாதாரணம். கடைசி இலக்கம் சில சமயம் 'எக்ஸ்' என்று வரும். அது சரிபார்ப்புக் குறி, பிழையல்ல. யாரோ அதைத் திருத்துகிறேன் என்று எண்ணாக மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'வேலை செய்த காலத்தில் இருந்த நிறுவனம்' என்ற பத்தியும் அலங்காரத்துக்கு இல்லை. கட்டுரை வெளிவரும்போது மாணவர் வேறிடம் போயிருப்பார். வேலை எங்கே நடந்ததோ அந்த நிறுவனத்தை எழுதி, இப்போதைய முகவரியைத் தனிக் குறிப்பாகக் கொடுப்பதே வழக்கம்.

எப்போது நிரப்புவது? ஆண்டுக்கு ஒருமுறை என்றால் பயனில்லை. மாதாந்தரக் குழுக் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கினால் போதும். அதோடு சில தருணங்களில் மாத முடிவுக்குக் காத்திராமல் உடனே எழுத வேண்டும்: ஒருவர் சேரும்போது, ஒருவர் விலகும்போது, முறை மாறும்போது, ஒரு படமோ அட்டவணையோ இறுதி வடிவம் பெறும்போது. விலகுபவர் கடைசி நாளன்று தம் வரிகளைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். கட்டுரை எழுதப்படும்போது எந்த முகவரிக்கு வரைவை அனுப்புவது என்பதையும் அன்றே வாங்கிக்கொள்ள வேண்டும். அதிகம் விடுபடுவது இவர்கள்தான். அதிலும், முதல் ஆறு மாதம் கருவியை அளவுதிருத்தம் செய்து, பலிக்காத முறைகளைக் கழித்துக் கட்டியவரின் வேலை கட்டுரையில் ஒரு வரியாகக்கூட வராது. பலிக்காத முயற்சியும் முறையியலில் சேர்ந்ததுதான். அது இல்லாமல் பலித்த முறை கிடைத்திருக்காது.

மற்றொரு ஓட்டை, ஆய்விதழ் பிற நிபுணர்களைக் கொண்டு நடத்தும் மதிப்பாய்வுக்குப் பிறகு வருவது. மதிப்பாய்வாளர் கேட்ட கூடுதல் சோதனையைப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் செய்வார். பங்களிப்புக் குறிப்போ முதல் சமர்ப்பிப்பின்போது எழுதியபடியே போய்விடும். ஒவ்வொரு திருத்தச் சுற்றிலும் பதிவேட்டைத் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் இது நேராது. ஒவ்வொரு சமர்ப்பிப்பின்போதும் அன்றைய நிலையைத் தேதியிட்டு, யாரும் மாற்ற முடியாத நகலாகத் தனியே சேமியுங்கள்.

பங்கின் அளவைக் குறிக்க முதன்மை, சமம், துணை என்ற மூன்று சொற்களைக் கிரெடிட் தருகிறது. விழுக்காடு வேண்டாம். தம் பங்கை மிகைப்படுத்தி நினைவுகூர்வது மனித இயல்பு. 1979-ல் ராஸ், சிகோலி என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் கணவனும் மனைவியும் வீட்டு வேலைகளில் தத்தம் பங்கைத் தனித்தனியே சொன்னார்கள்; கூட்டினால் பல வேலைகளில் முழு அளவைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு நினைவிருக்கிறது, மற்றவர் செய்தது அவ்வளவாக இல்லை. '37 விழுக்காடு' என்ற எண், இல்லாத துல்லியத்தை இருப்பதுபோல் காட்டும். அதன்மேல் ஒரு சண்டையும் மூளும். மூன்று சொற்களிலும் சிக்கல் உண்டு: எல்லோரும் 'முதன்மை' என்றே போட்டுக்கொள்வார்கள். ஆகவே திட்டம் தொடங்கும்போதே அச்சொல்லுக்கு வரையறை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியைப் பற்றி வெளியார் கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் யாரோ, அவர் முதன்மை. இருவர் உண்மையாகவே சொல்ல முடியுமானால் சமம்.

வரிகளை ஒருவரே எல்லோருக்காகவும் எழுதக் கூடாது. அவரவர் வரியை அவரவர் எழுதி, மற்றவர்கள் படித்துப் பார்ப்பதே சரி. பதிவேட்டைக் காப்பவர் முதன்மை ஆய்வாளராக இல்லாமல் இருப்பது மேல். அவர் முன் 'இது நான் செய்தது' என்று சொல்ல ஆய்வு மாணவருக்கு வாய் வராது. மோதல் பெரும்பாலும் கருத்துருவாக்கத்திலும் பகுப்பாய்விலும்தான் வரும். அப்போது பணியைத் துண்டுகளாக உடையுங்கள்: எந்தப் படம், எந்த அட்டவணை, எந்தக் கருதுகோள்? 'பகுப்பாய்வு யாருடையது' என்ற கேள்விக்கு முடிவு காண முடியாது. 'இரண்டாவது அட்டவணையின் மாதிரியை யார் பொருத்தினார்' என்ற கேள்விக்குப் பதில் கோப்பிலேயே இருக்கும். முறைகள் பகுதியிலும் இதையே செய்யலாம். 'மாதிரிகள் சேகரிக்கப்பட்டன' என்று ஆளில்லாமல் எழுதாமல், சேகரித்தவரின் முதலெழுத்துகளோடு எழுதும் வழக்கத்தை 'மெரிட்' என்ற பெயரில் 2023-ல் சில ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். பத்துச் சொல் கூடும். தெளிவு பல மடங்கு கூடும்.

தகுதியில்லாமல் சேர்க்கப்படும் ஒட்டுப் பெயர்கள் ஒளிந்துகொள்ள வசதியான இடம் 'மீள்பார்த்துத் திருத்துதல்'. ஒருவர் பெயருக்கு எதிரே அது மட்டுமே இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் திருத்தத்தால் கட்டுரையின் எந்தப் பத்தி மாறியது? 'நன்று, அனுப்பலாம்' என்று ஒருவரி மின்னஞ்சல் போட்டது திருத்தம் ஆகாது.

மென்பொருளில் பதிவு தானாகவே நடக்கிறது என்ற நம்பிக்கை பாதி உண்மை. கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு முறை, எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்று வைத்திருக்கும். ஆனால் ஆய்வகத்தின் பொதுக் கணினியில் ஒரே கணக்கில் எல்லோரும் வேலை செய்தால் அத்தனையும் ஒருவர் பெயரில் ஏறும். இருவர் சேர்ந்து எழுதினால் விசைப்பலகை யார் கையில் இருந்ததோ அவர் பெயர் மட்டும் வரும். மாற்றக் குறிப்பின் இறுதியில் 'கோ-ஆதர்ட்-பை' என்ற வரியில் மற்றவரின் பெயரையும் மின்னஞ்சலையும் சேர்த்தால் இதைச் சரிசெய்யலாம். ஒருவர் இரண்டு மின்னஞ்சல்களைப் பயன்படுத்தியிருந்தால் 'மெயில்மேப்' என்ற கோப்பு இரண்டையும் ஒருவராகக் காட்டும். நிரலைச் சுருக்கிய கோப்பாக அனுப்பிப் புதுக் களஞ்சியத்தில் (நிரல்களையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் சேமிக்கும் இடத்தில்) போட்டாலோ வரலாறு முழுதும் போய்விடும். பழைய களஞ்சியம் கையில் இல்லாவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. மாற்றங்களின் எண்ணிக்கையை அளவுகோலாக்குவதும் தவறு: ஒருவர் நாள்முழுதும் யோசித்து நான்கு வரி மாற்றுவார், இன்னொருவர் இடைவெளிகளைச் சீராக்கி நானூறு வரி மாற்றுவார். சோதித்துப் பிழை சொன்னவரும் பயன்பாட்டுக் கையேடு எழுதியவரும் அந்த வரலாற்றில் தலைகாட்டவே மாட்டார்கள். அவர்களைப் பதிவேட்டில் கையால்தான் எழுத வேண்டும். களஞ்சியத்தில் 'சைட்டேஷன்' கோப்பு ஒன்றை வைத்தால், நிரலை மேற்கோள் காட்டும்போது யார் யார் பெயர் வர வேண்டும் என்பது தெளிவாகும்.

தரவில் இதைவிட எளிய வழி உண்டு. அளவீட்டு அட்டவணையில் அளந்தவரின் குறியீட்டுக்கு ஒரு பத்தி, கருவி எண்ணுக்கு ஒரு பத்தி. நன்றிக்கு மட்டுமல்ல, பிழை தேடவும் இது உதவும். ஒருவரின் அளவீடுகள் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இந்தப் பத்தி இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. தரவுத் தொகுப்பைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்து நிலையான அடையாள எண் பெறும்போது, அத்தகைய எண்களை வழங்கும் டேட்டாசைட் அமைப்பின் விவரப் படிவத்தில் படைப்பாளர்களைத் தவிர, தரவு திரட்டியவர், தரவைப் பராமரித்தவர் என்று வகை குறித்தும் பெயர்களைத் தரலாம். அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டுவிட்டு நகர்பவர்களே அதிகம்.

பொதுக் கருவி மையங்களில் பணிபுரிவோர் குறித்து ஒரு வாதம் அடிக்கடி எழும்: 'கட்டணம் கட்டிவிட்டோமே.' கட்டணம் கருவியின் நேரத்துக்கு. உங்கள் மாதிரிக்கு வழக்கமான அளவீடு பொருந்தாது என்று கண்டு புது முறை வகுத்துத் தந்தவரின் பங்கு கட்டணத்தோடு தீர்ந்துவிடாது. பொத்தானை அழுத்தி முடிவை அனுப்பியதோடு சரி என்றால் நன்றியுரை போதும்.

ஆய்விதழின் இணையப் படிவம் கடைசி இடறல். பல படிவங்களில் தொடர்பாளரே, அதாவது இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் ஆசிரியரே, எல்லோருக்கும் பணிகளைக் குறிக்கிறார். மற்றவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போகும், அதை முழுதாகப் படிப்பவர் குறைவு. கட்டுரையாசிரியர் அல்லாதவர்களின் பணியைக் குறிக்கப் பல படிவங்களில் இடமே இருக்காது. அவர்களை நன்றியுரையில், வெறும் 'உதவிக்கு நன்றி' என்று எழுதாமல், அதே பதினான்கு பெயர்களைக் கொண்டு எழுதுங்கள். எழுத்து மூலமான சம்மதம் வாங்கிய பிறகே எழுதுங்கள். நன்றியுரையில் ஒருவர் பெயர் வந்தால் முடிவுகளை அவர் ஏற்கிறார் என்று படிப்பவர் நினைக்கக்கூடும். பெயர் வெளிவந்தால் ஆபத்து நேரக்கூடிய களங்களில் பணிபுரிந்தோர் வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. குறிப்பில் முதலெழுத்துகளை மட்டும் போடும் இதழ்களில், ஒரே முதலெழுத்துகள் உள்ள இருவர் ஒருவராகிவிடுவார்கள். மெய்ப்புப் பார்க்கும்போது பெயரை விரித்துப் போடச் சொல்லுங்கள். பதிவேட்டு விரிதாளிலிருந்து பங்களிப்புக் குறிப்பைத் தானாகவே வார்த்துத் தரும் 'டென்சிங்' என்ற இலவசக் கருவி 2020 முதல் இருக்கிறது. கணினி படிக்கும் ஜாட்ஸ் வடிவத்திலும் அது தரும். அந்த வடிவம் முக்கியம். வெறும் வாக்கியமாக அச்சாகும் குறிப்பை யாராலும் தேடித் தொகுக்க முடியாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கட்டுரையாசிரியராகப் போட முடியாது; பொறுப்பேற்க அவற்றால் இயலாது என்பதே பல ஆய்விதழ்களின் நிலை. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எதற்கு, யார் பயன்படுத்தினார் என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதி, இதழ் கேட்கும் இடத்தில் தெரிவித்தால் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. பணி நியமனக் குழுக்களும் நிதி வழங்குவோரும் இந்தப் பணிகளை எண்ணிக் கூட்டி மதிப்பெண் போடத் தொடங்கினால் முழு முயற்சியும் கெட்டுவிடும். இருபது வரி நிரலுக்கும் இருபதாயிரம் வரி நிரலுக்கும் 'மென்பொருள்' என்ற ஒரே டிக்தான். எண்ணப்படும் என்று தெரிந்தால் ஒவ்வொருவரும் பதினான்கிலும் டிக் அடிப்பார்கள். பணியின் பெயரைப் பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை வாக்கியத்தைப் படிப்பதே குழுக்கள் செய்ய வேண்டியது. அச்சிடும் குறிப்பில் அந்த வாக்கியத்துக்கு இடமில்லை என்றால் பதிவேட்டையே தரவுத் தொகுப்போடு சேர்த்துக் களஞ்சியத்தில் வைத்துவிடலாம்.

வெளியான பிறகு திருத்துவது கடினம். பெயர் சேர்க்கவோ நீக்கவோ எல்லாக் கட்டுரையாசிரியர்களின் எழுத்து மூலமான சம்மதத்தையும் காரணத்தையும் இதழ்கள் கேட்கும். உடன்பாடு இல்லையென்றால் இதழாசிரியர் தீர்ப்பு வழங்கமாட்டார், நிறுவனத்திடம் அனுப்புவார். நிறுவனம் ஆவணம் கேட்கும். தேதியிட்ட பதிவேட்டின் நகல்கள் கைகொடுப்பது அப்போதுதான்.

செய்தித்தாள்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. ஆய்வுச் செய்தி எழுதும் நிருபர்கள் கட்டுரையின் முடிவில், மேற்கோள் பட்டியலுக்கு முன்னால், 'ஆசிரியர்களின் பங்களிப்பு' என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள்; இரண்டு நிமிடத்தில் படித்துவிடலாம். தொடர்பாளர் என்று குறிக்கப்பட்டவரே கண்டுபிடித்தவர் என்று கொள்ளாதீர்கள். கடிதப் போக்குவரத்துக்குப் பொறுப்பானவர் என்பதே அதன் பொருள். பெயர்களுக்கு மேல் உடுக்குறி (*) இருந்தால் 'சமமாகப் பங்களித்தவர்கள்' என்ற அடிக்குறிப்பைத் தேடிப் பாருங்கள். பேட்டி தருபவர் குழுத் தலைவராக இருந்தால், களத்தில் அளந்தது யார், கணக்கைச் செய்தது யார் என்று இரண்டு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டு, பதிலில் வரும் பெயர்களைச் செய்தியில் பணியோடு சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வுத் தரவுப் பராமரிப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்கள்